கள்ளிச் சங்க நிர்வாகிகளுக்கு: பரிமாற்ற மேசைக்கு ஓர் ஒழுங்கு வேண்டும்

கள்ளி, சக்குலன்ட் (நீர் சேமிக்கும் சதைப்பற்றுச் செடி) வளர்ப்போர் சங்கங்களின் தலைவர்களுக்கும் செயலாளர்களுக்கும் கண்காட்சிப் பொறுப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

மாதக் கூட்டத்தில் உரை நடக்கிறது, படம் காட்டுகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை கண்காட்சி வைக்கிறார்கள். இவற்றில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் ஒரு சங்கத்தால் வரும் நன்மையும் கேடும் பெரும்பாலும் கூடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும் அந்த ஒரு மேசையில்தான் தீர்மானமாகின்றன. உறுப்பினர்கள் செடியும் பக்கக்கன்றும் விதையும் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிற, விற்கிற மேசை. ஒரு வீட்டு வேர்ப்பூச்சி பத்து வீட்டுக்குப் போவது அதன் வழியாகத்தான். செடி தன் பெயரைத் தொலைப்பதும், காட்டிலிருந்து பிடுங்கி வந்த செடி நல்ல செடியாக வேஷம் போடுவதும் அங்கேதான். அப்படிப்பட்ட மேசைக்குப் பல சங்கங்களில் பொறுப்பாளர் என்று ஒருவர்கூடக் கிடையாது. முதலில் வந்தவர் முதலில் எடுத்துக்கொண்டு போகிறார், அவ்வளவுதான்.

அந்த மேசைக்கு ஒரு பொறுப்பாளரையும் எழுதிவைத்த விதிகளையும் கேட்டு இந்த மடலை எழுதுகிறோம். விதிகளில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் காரணத்தோடு சொல்கிறோம்.

முதல் விதி பூச்சியைப் பற்றியது. மேசைக்கு வரும் ஒவ்வொரு செடியையும் தொட்டியிலிருந்து கழற்றி வேரைப் பார்த்த பிறகே வைக்க அனுமதிக்க வேண்டும். "அழகாக நட்டு வைத்ததைக் கலைப்பதா?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. செடி கொண்டுவருபவர் அதற்கு முன் ஒரு வாரம் தண்ணீர் ஊற்றாமல் இருந்தால் மண் உதிராமல் ஒரே கட்டியாகக் கழன்று வரும். பிளாஸ்டிக் தொட்டியின் பக்கங்களை இரண்டு முறை அழுத்துங்கள். செய்தித்தாளை நான்காக மடித்துப் பட்டையாக்கி, செடியின் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தொட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கம் தட்டுங்கள். வேர்க்கட்டியின் வெளிப்பக்கத்தில், தொட்டிச் சுவரை ஒட்டிய இடத்தில், வெள்ளைப் பொடிபோல் பஞ்சுத் துணுக்குகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொட்டியின் உட்சுவரிலும் மெழுகுபோல் வெளிறிய தடம் இருக்கும். அதுதான் வேர் மாவுப்பூச்சி. மண்கலவையில் சேர்க்கும் பெர்லைட் என்ற வெள்ளைத் துகள்களோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்: விரலால் நசுக்கினால் பெர்லைட் நறநறவென்று பொடியும், பூச்சி ஈரமாக இழுபடும்.

இந்தப் பூச்சி ஆபத்தாக இருப்பதற்குக் காரணம், செடியின் மேற்பகுதியில் அது கண்ணில் படாது. செடி வளர்ச்சி நின்று, நிறம் மங்கி, தண்ணீர் ஊற்றினாலும் உப்பாமல் இருக்கும். வளர்ப்பவர் உரம் போடுவார், இடம் மாற்றுவார், மாதங்கள் ஓடிவிடும். அதற்குள் ஒரே தட்டில் நிற்கும் மற்றத் தொட்டிகளுக்கும் வடிகால் துளை வழியாகப் பரவியிருக்கும். கண்டுபிடித்தால் பழைய மண் முழுவதையும் உதிர்த்துத் தூக்கி எறிய வேண்டும். வேரை ஓடும் தண்ணீரில் கழுவி, நிழலில் ஒரு வாரம் காயவைத்து, புது மண்ணில் நட வேண்டும். தொட்டியைக் கொதிநீரில் முக்கி எடுக்காமல் திரும்பப் பயன்படுத்தக் கூடாது.

மேலே இருக்கும் மாவுப்பூச்சி கண்ணில் படும் என்று நினைப்போம். ஆனால் மாமில்லேரியா என்ற கள்ளியின் உச்சியில் இயற்கையாகவே வெள்ளைப் பஞ்சு இருப்பதால் அங்கே அது எளிதில் ஒளிந்துகொள்ளும். பல்குச்சியால் பஞ்சை விலக்கி, பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பார்க்க வேண்டும். 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் தொட்டால் பூச்சி சாகும். முட்டைகள் தப்பிவிடும். அதனால் வாரம் ஒருமுறை, மூன்று நான்கு வாரம் தொடர்ந்து செய்தால்தான் பலன். வெயிலில் வைத்துச் செய்யக் கூடாது, தோல் பொசுங்கும். எச்சிவேரியா என்ற சக்குலன்டின் இலை மேல் இருக்கும் மாவுப்படலம் ஆல்கஹால் பட்டால் போய்விடும், அந்த இலையில் திரும்ப வராது.

சிவப்புச் சிலந்தி எனப்படும் சிலந்திப்பேனில்தான் அதிகம் பேர் தவறுகிறார்கள். வளரும் நுனியைச் சுற்றித் தோல் துருநிறமாகி, நார்போல் கரடுமுரடாகும். மிக மெல்லிய வலையும் இருக்கலாம். செடியை வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் ஊர்ந்து நகரும் புள்ளிகள் விழும். இதற்கு இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிக்கொல்லியை ஊற்றிவிட்டு "மருந்து வேலை செய்யவில்லை" என்பார்கள். சிலந்திப்பேன் பூச்சி இனமே இல்லை. அதற்குச் சிலந்திக்கொல்லி வேண்டும், அதையும் முட்டை பொரியும் இடைவெளி பார்த்துத் திரும்ப அடிக்க வேண்டும். துருப்பிடித்த தோல் மீண்டும் பச்சையாகாது. ஆகவே பழைய தழும்பா, இப்போதும் சிலந்தி இருக்கிறதா என்பதை அந்தத் தாள் சோதனைதான் சொல்லும்.

சோற்றுக்கற்றாழை, அதன் உறவுச் செடிகள் ஆகியவற்றின் இலையிலோ பூந்தண்டிலோ காலிஃபிளவர்போலப் புடைத்த கட்டி இருந்தால் அது கற்றாழைச் சிலந்திப்பேனின் வேலை. கண்ணுக்குத் தெரியாத பேன், காற்றிலும் கையிலும் பரவும். அந்தச் செடிக்கு மேசையில் இடமே இல்லை. கட்டியைச் சுற்றி நல்ல சதையையும் சேர்த்து வெட்டி, பையில் கட்டி, குப்பையில் போடுவதுதான் வழி.

எவ்வளவு பார்த்தாலும் சில தப்பும். எனவே வாங்கிப் போகிறவர்களுக்கும் சீட்டில் அச்சடித்துக் கொடுங்கள்: புதுச் செடியை ஆறு வாரம் தனியாக வையுங்கள், அதற்கென்று தனித் தட்டு வையுங்கள்.

அடுத்தது மண். இதை மேசை விதி என்பதைவிடச் செயல்முறைப் பயிற்சி என்று சொல்வது சரி. மொத்த நர்சரிச் செடிகள் பெரும்பாலும் பீட் (சதுப்புநில மக்கு) அல்லது தேங்காய் நார்க்கழிவில் வரும். நர்சரிக்கு அது வசதி, தினமும் தண்ணீர் போகும் இடம் அது. வீட்டில் அந்தக் கட்டியைக் கலைக்காமல் அப்படியே பெரிய தொட்டியில் வைத்துச் சுற்றிலும் நல்ல சரளை மண் போட்டால், வெளிமண் இரண்டு நாளில் காயும், நடுக்கட்டி ஈரமாகவே நிற்கும். செடி அடியிலிருந்து அழுகும். பீட் ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை உறிஞ்சாமல் ஓரமாக வழியவிடும். வேரைச் சுற்றி வலைப்பை இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள், சில செடிகள் அதற்குள்ளேயே நெரிபடுகின்றன.

கலவைக்கு ஆளுக்கொரு சூத்திரம் வைத்திருப்பார்கள். அடிப்படை ஒன்றுதான்: பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்), பெர்லைட், உடைத்த சரளை போன்ற தாதுப்பொருள் 60 முதல் 70 சதவீதம், துகள் 2 முதல் 5 மில்லிமீட்டர். மீதிக்கு நன்கு மக்கிய இலைமண்ணோ சலித்த நார்க்கழிவோ போதும். அரியோகார்பஸ்போலக் கிழங்குவேர் உள்ளவற்றுக்குத் தாதுப்பங்கை 80, 90 வரை கொண்டுபோகலாம். சல்லடைதான் இங்கே முக்கியம். 1 மில்லிமீட்டருக்குக் கீழான தூளைச் சலித்து எறியாவிட்டால், எவ்வளவு விலை உயர்ந்த பியூமிஸ் போட்டாலும் தூள் இடுக்குகளை அடைத்து, காற்றுப் போக வழியில்லாமல் செய்துவிடும். கூட்டத்திலேயே சோதித்துக் காட்டலாம்: 10 சென்டிமீட்டர் தொட்டியில் கலவையை நிரப்பித் தண்ணீர் ஊற்றினால், மேலே தேங்காமல் சில விநாடிகளில் அடியில் ஒழுக வேண்டும். தொட்டியின் அடியில் கூழாங்கல் அடுக்கினால் வடிகால் நன்றாகும் என்ற நம்பிக்கையையும் அதே மேசையில் முடித்துவையுங்கள். நுண்மண்ணில் பிடித்துக்கொண்ட நீர் கல்லுக்குள் எளிதில் இறங்காது, கல்லுக்கு மேலேயே நிற்கும். கல் அடுக்கிய உயரத்துக்கு ஈரப்பகுதி வேரை நெருங்குவதுதான் மிச்சம்.

மாற்றி நட்ட பிறகு ஐந்து முதல் ஏழு நாள் தண்ணீர் வேண்டாம், அறுந்த வேர் ஆற வேண்டும். வெட்டுத்துண்டுக்குப் பொறுமை இன்னும் அதிகம் தேவை. எச்சிவேரியா தண்டுக்கு மூன்று நான்கு நாள் போதும். கைத்தண்டு கனமுள்ள தூண்கள்ளிக்கு இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதற்கு முன் மண்ணில் குத்தினால் வெட்டுவாயிலிருந்து அழுகல் ஏறும்.

பெயர்ச்சீட்டு இல்லாத செடியை மேசையில் வைக்கக் கூடாது. சீட்டில் முழுப்பெயர், யாரிடமிருந்து வந்தது, விதையா பக்கக்கன்றா ஒட்டா, எந்த ஆண்டு, களஎண் இருந்தால் அதுவும். மார்க்கர் மை வெயிலில் வெளுத்துவிடும். பிளாஸ்டிக் சீட்டில் சாதாரணப் பென்சில் எழுத்துப் பல ஆண்டு நிற்கும். இன்னொரு சீட்டைத் தொட்டிக்குள் புதைத்துவிடுங்கள். பெயர் தெரியாவிட்டால் "பெயர் தெரியாது" என்று எழுதினால் போதும். ஊகித்து எழுதிய பெயர் நான்கு கை மாறியதும் உண்மையாகிவிடுகிறது.

களஎண் என்பது ஒரு சேகரிப்பாளர் குறித்துவைத்த இடத்தின் முகவரி. தொலைந்தால் செடியின் தோற்றத்தைப் பார்த்து மீட்க முடியாது, அப்படிச் செய்யவும் கூடாது. பக்கக்கன்று தாயின் எண்ணைத் தாங்கலாம். விதைக்கு அந்த எண் சேர வேண்டுமானால் தாய், தந்தை இரண்டுக்கும் அதே எண் இருக்க வேண்டும், பூச்சிகள் வேறு மகரந்தம் கொண்டுவராதபடி பூவும் வலைக்குள் இருந்திருக்க வேண்டும். அஸ்ட்ரோஃபைட்டம் என்ற கள்ளியின் இனங்கள் ஒன்றோடொன்று தாராளமாகக் கலக்கும். நான்கு வகை சேர்ந்து பூத்த மாடியில் எடுத்த விதைக்கு "திறந்த மகரந்தச் சேர்க்கை" என்று எழுதினால்தான் நேர்மை.

விதை விஷயத்தில் பொறுப்பாளர் ஒரு குறிப்பேடு வைத்திருப்பது மிக உதவும். அஸ்ட்ரோஃபைட்டம், எக்கினாப்சிஸ் கள்ளிகள், கூழாங்கல்போல் இருக்கும் லித்தாப்ஸ் போன்றவற்றில் பெரும்பாலானவை தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே தாயின் பக்கக்கன்றுகளை ஐந்து பேருக்குக் கொடுத்தால் ஐந்தும் ஒரே செடிதான். ஒன்றின் பூவை மற்றதோடு தடவினாலும் காய் பிடிக்காது, "என் கை ராசியில்லை" என்று ஆட்கள் விட்டுவிடுவார்கள். யாரிடம் எந்தத் தாயின் கன்று இருக்கிறது என்று எழுதிவைத்தால், வேறு தாயின் பூவோடு இணைக்கச் சங்கமே வழி செய்யலாம். தூரிகையை ஒவ்வொரு இணைக்கும் இடையே ஆல்கஹாலில் கழுவிக் காயவைப்பதை மறக்க வேண்டாம்.

இப்போது காட்டுச் செடிகளுக்கு வருகிறோம். இந்த மடலை எழுதத் தூண்டியதே இதுதான். அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975 முதல் நடைமுறையில் இருக்கும் சைட்ஸ் உடன்படிக்கையில் கள்ளிக் குடும்பம் ஏறக்குறைய முழுவதுமே இரண்டாம் பட்டியலில் உள்ளது. அரியோகார்பஸ், டர்பினிகார்பஸ், அஸ்ட்ரோஃபைட்டம் அஸ்டெரியாஸ் போன்றவை மிகக் கடுமையான முதல் பட்டியலில் உள்ளன. 2015இல் வெளிவந்த உலகளாவிய மதிப்பீடு, கள்ளி இனங்களில் 31 சதவீதம் அழிவு அபாயத்தில் இருப்பதாகச் சொன்னது. 2020இல் இத்தாலியில் ஒரு சேகரிப்பாளர் வீட்டில் சிலியின் அட்டகாமாவிலிருந்து கடத்திய ஆயிரத்துக்கு மேற்பட்ட கள்ளிகள் பிடிபட்டன, அவற்றில் பெரும்பாலானவை கோபியாபோவா என்ற கள்ளி வகை. தென்னாப்பிரிக்காவில் 2019 முதல் கோனோஃபைட்டம் என்ற சிறு சக்குலன்டுகள் மூட்டை மூட்டையாகத் தோண்டப்படுகின்றன. இவை போய்ச் சேரும் இடம் எது? எங்களைப் போன்ற, உங்களைப் போன்ற ஆர்வலர்களின் அலமாரிதான்.

நர்சரியில் பெருகிவிட்டால் காட்டுக்கு ஆபத்தில்லை என்று சொல்வதுண்டு. மாமில்லேரியா ஹெர்ரெரே விதையிலிருந்து எளிதில் வளர்கிறது, கடைகளிலும் கிடைக்கிறது. ஆனாலும் மெக்சிகோவில் அதன் இயற்கைக் கூட்டம் இருபதாண்டுக்குள் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்தது, சட்டவிரோதச் சேகரிப்பால். வயதான, முறுக்கேறிய செடி வேண்டும் என்று கேட்பவர் இருக்கும்வரை தோண்டுபவரும் இருப்பார்.

அதனால் மேசைப் பொறுப்பாளருக்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். வெட்டுப்பட்ட தடித்த ஆணிவேர், அதைச் சுற்றி மெல்லிய வேர்கள் இல்லாமை, ஒருபக்கமாக வெயில் சுட்ட உடல், தேய்ந்து மழுங்கிய பழைய முட்கள், பாசிப்படலம், ஒரே விற்பனையாளரிடம் பல வயதில் பல அளவில் கோணல்மாணலாக நிற்கும் செடிகள். அடிப்பகுதி தக்கைபோலப் பழுப்பாவது மட்டும் சாட்சியாகாது, வீட்டில் வயதான செடிக்கும் அப்படி ஆகும். பல குறிகள் சேர்ந்து, "எங்கே வளர்ந்தது?" என்ற கேள்விக்குப் பதிலும் வராவிட்டால், அந்தச் செடியை மேசையிலும் ஏற்காதீர்கள், கண்காட்சியிலும் ஏற்காதீர்கள். இதில் எங்களுக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணமே இல்லை.

கண்காட்சி நடுவர்களிடம் ஒன்றே ஒன்று: பெரிய செடிக்குக் கிடைக்கும் முதல் பரிசைவிட, உரிமையாளரே விதையிலிருந்து வளர்த்த செடிகளின் பிரிவுக்கு உயர்ந்த கோப்பையை வையுங்கள். பரிசு எதற்கு என்று பார்த்துத்தான் ஆட்கள் வாங்குகிறார்கள்.

விதை போடுவதைக் கூட்டத்தின் வழக்கமான வேலையாக்குங்கள். ஒரு மணி நேரம் போதும். ஏழு சென்டிமீட்டர் தொட்டிக்கு நுண்ணிய பியூமிஸும் சலித்த நார்க்கழிவும் சமபங்கு. ஈரப்படுத்தி, மைக்ரோவேவில் உள்வரை ஆவி பறக்கச் சூடாக்கி, மூடியபடியே ஆறவிடுங்கள். தொட்டிக்கு 20, 30 விதை, மண்ணின் மேலேயே தூவினால் போதும், மூடக் கூடாது. கொதித்து ஆறிய நீரை அடியிலிருந்து உறிஞ்சவிட்டு, தொட்டியோடு ஜிப் பைக்குள் வைத்து மூடுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர்வெயில் கூடாது, பைக்குள் வெந்துவிடும். 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் சரியான வெப்பம். அஸ்ட்ரோஃபைட்டம் இரண்டு மூன்று நாளிலேயே முளைக்கும், மாமில்லேரியாவுக்கு ஒன்று இரண்டு வாரம், சிலவற்றுக்கு ஒரு மாதம். சப்பாத்திக்கள்ளி விதைக்கு ஓடு கடினம், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். ஃப்ரைலியா விதை ஓரிரு ஆண்டில் செத்துவிடும், எடுத்தவுடன் போட வேண்டும்.

பூஞ்சை வந்தால் காரணம் பெரும்பாலும் விதையில் ஒட்டிய பழச்சதை. விதையைக் கழுவித் தாளில் காயவைக்காமல் உறையில் போட்டதன் விளைவு. நாற்று சிவந்தால் வெளிச்சம் அதிகம், நீண்டு வெளிறினால் குறைவு. மண்மேல் பச்சைப்பாசி படர்ந்தால் ஈரமும் ஒளியும் சேர்ந்து மிஞ்சிவிட்டன. இரண்டு மூன்று மாதத்துக்குப் பின் பையின் ஒரு மூலையைத் திறந்து, இரண்டு வாரத்தில் மெல்ல மெல்ல வெளிக்காற்றுக்குப் பழக்குங்கள். ஒரே நாளில் பையை உருவி எடுத்தால் நாற்றுகள் சுருங்கிவிடும். முதல் ஆண்டு மண்ணை முற்றிலும் காயவிடக் கூடாது. நாற்றுகள் ஒன்றையொன்று இடிக்கும்போது பிரித்து நடலாம்.

லித்தாப்ஸ் விதையெடுப்பைப் புது உறுப்பினர்களுக்கு அவசியம் காட்டுங்கள். காய்ந்த விதைப்பெட்டியின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சில நிமிடங்களில் அறைகள் நட்சத்திர வடிவில் விரியும். மழை பெய்தால் மட்டுமே விதை வெளியேறுவதற்கு அந்தச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு அது. விரிந்ததும் நீரைப் பீய்ச்சிக் காபி வடிதாளில் விதையைப் பிடித்துக் காயவைக்க வேண்டும்.

ஒட்டுக்கட்டும் நாள் நடத்துவதானால் காரணம் புரியும்படி நடத்துங்கள். மேலே வைக்கும் ஒட்டு, அதைத் தாங்கும் வேர்ச்செடி இரண்டின் வெட்டிய முகத்திலும் தெரியும் சாற்றுக்குழாய் வளையங்கள் ஓரிடத்திலாவது ஒன்றையொன்று தொட வேண்டும். வேர்ச்செடியின் விளிம்பைச் சாய்வாகச் சீவ மறக்கக் கூடாது: காயும்போது சதை உள்ளே குழிந்து, தடித்த தோல் மேலே நின்று, ஒட்டைத் தூக்கிவிடும். ரப்பர் பட்டை ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை இருக்கட்டும். பெரெஸ்கியோப்சிஸ் என்ற கள்ளியின் மேல் சில வாரமே ஆன நாற்றைக்கூட ஒட்டலாம், ஆண்டுக்கணக்கான வளர்ச்சி மாதங்களில் கிடைக்கும். சிவப்பு, மஞ்சள் உருண்டையாக விற்கும் ஜிம்னோகாலிசியத்தில் பச்சையம் கிடையாது, அடியிலுள்ள டிராகன் பழக்கள்ளியை நம்பித்தான் அது உயிர் வாழ்கிறது. அந்த வேர்ச்செடி குளிரில் அழுகும், ஆயுளும் குறைவு. வாங்குபவரிடம் அதைச் சொல்லிவிடுங்கள்.

பயிற்சியில் திருகுகள்ளி, சதுரக்கள்ளி போன்ற யூஃபோர்பியா இருந்தால் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். அவை கள்ளிக் குடும்பமே அல்ல, கள்ளியோடு ஒட்டும் சேராது. முள் முளைக்கும் இடத்தில் பஞ்சுப் புள்ளி இல்லாததும், கீறினால் பால் வடிவதும் அடையாளம். அந்தப் பால் கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் அனுப்புங்கள்.

கூட்டம் முடிந்து மிஞ்சும் சப்பாத்திக்கள்ளி மடல்களைப் புதரோரம் வீசவிடாதீர்கள். ஒவ்வொரு மடலும் வேர்விடும். ஆஸ்திரேலியாவில் 1920களில் இரண்டு கோடி ஹெக்டேருக்கு மேல் படர்ந்த கள்ளியை அடக்க, காக்டோபிளாஸ்டிஸ் என்ற அந்துப்பூச்சியைத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவர நேர்ந்தது. மிஞ்சியதைப் பையில் கட்டி முழுக்க உலரவைத்த பிறகே அப்புறப்படுத்துங்கள்.

அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் மேசைப் பொறுப்பாளரின் பெயரைத் தீர்மானியுங்கள். அவருக்கு ஒரு பத்து மடங்கு லென்ஸ், ஆல்கஹால் புட்டி, பஞ்சுக்குச்சி, வெள்ளைத் தாள், பென்சிலோடு வெற்றுச் சீட்டுகள், குறிப்பேடு ஆகியவற்றை வாங்கிக் கொடுங்கள். மறுக்கும் அதிகாரத்தையும் எழுத்தில் கொடுங்கள், பழைய உறுப்பினர், பெரிய நன்கொடையாளர் என்ற விலக்கு இல்லாமல். முதல் ஆறு மாதம் அவருக்குத் துணையாக நின்று செடி கழற்றிப் பார்க்க நாங்கள் முறைவைத்து வருகிறோம்.

இப்படிக்கு,
கள்ளியும் சக்குலன்டும் வளர்க்கும் சங்க உறுப்பினர்கள்